புது நடை எவ்வளவு?

2023 ஆடியில் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போனேன். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு ஜூலை மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது; 31-ஆம் தேதி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள். அந்த நெரிசலிலும் போனேன் என்றால், அப்பா விட்டுப்போன மொய்க் கடனை ஒரே ஆடியில் அடைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. பையில் எக்செல் பிரிண்ட் நான்கு தாள். ஊர் வாரியாகப் பேர், பேருக்கு நேராகத் தொகை. கொடுத்ததும் பச்சை மார்க்கரால் ஒரு கோடு. அந்த மாதத்தில் 14 பந்தலில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் தாளைப் பிரித்து, பச்சை ஏறிக்கொண்டே வருவதைப் பார்ப்பேன். வீட்டுக் கடனை முடித்து பேங்கிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்கிய அன்று வந்த அதே சந்தோஷம். கடைசிப் பந்தலில் ஒருவர் அதை ஒரே வரியில் உடைத்துப் போட்டார். அந்த வரியைப் பற்றி எழுத எத்தனையோ முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் இடையில் எங்கள் ஊர். ஆடி பிறந்தால் கல்யாணப் பேச்சு நிற்கும், மொய் விருந்து தொடங்கும். ஆவணி வரை ஓடும். காதுகுத்தோ கல்யாணமோ இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற விருந்து இது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவருக்கு முறை வரும். தனியாக வைத்தால் ஆடு, அரிசி, பந்தல் என்று கட்டுப்படியாகாது. பத்துப் பதினைந்து பேர் கூட்டாக ஒரே பந்தல் போட்டு ஆளுக்கொரு மேஜை வைப்பார்கள். மேஜையில் ஒருவர் எழுதுவார், ஒருவர் பணத்தை எண்ணி எவர்சில்வர் குடத்தில் போடுவார். இப்போது எண்ணுகிற மெஷின் வந்துவிட்டது, சில இடத்தில் கம்ப்யூட்டர் பில்லும் தருகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறவில்லை. ஊரு? அப்பா பேரு, இனிஷியலு? பேரு? பழைய நடை எவ்வளவு? புது நடை எவ்வளவு?

பழைய நடை என்றால் அவர் நமக்குச் செய்திருந்ததைத் திருப்புவது. அதற்கு மேல் நாம் வைப்பது புது நடை. அது அவர் தலையில் புதுக் கடனாக ஏறி, நம் விருந்துக்குத் திரும்பி வரும். வட்டி இல்லை, புரோநோட்டு இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை. கொடுக்காதவனைக் கோர்ட்டுக்கு இழுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. டீக்கடையில் இழுப்பார்கள். அது போதும்.

அப்பாவின் நோட்டு

அப்பா 2022 தையில் இறந்தார். பேங்க் பாஸ்புக்கில் 8,340 ரூபாய் இருந்தது. எல்ஐசி எப்போதோ முதிர்ந்து செலவாகிவிட்டது. பீரோவில் பட்டுவேட்டிக்கு அடியில் ஐந்து நீள நோட்டு, ரெக்சின் அட்டை, ஒவ்வொன்றிலும் முதல் பக்கம் பிள்ளையார் சுழி, அடுத்து வருடம்: 1994, 2001, 2006, 2011, 2016. முதலில் "உள்ளூர்" என்று தலைப்பு. பிறகு வெளியூர்கள், ஊருக்கு ஒரு பக்கமாக. அப்பாவின் எழுத்து சரிந்து ஓடும். தொகையை மட்டும் நிறுத்தி நிதானமாக எழுதியிருப்பார், ஒரு சைபர்கூட இன்னொன்றைத் தொடாது.

அந்த நோட்டுகளுக்குள் எங்கள் வீடே இருந்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடை நாங்கள். தண்ணீர் வந்தால் வந்தது. 1994 மொய்யில்தான் போர் இறக்கி மோட்டார் வைத்தார், தென்னை பிழைத்தது. 2001-ல் அக்கா கல்யாணம். 2006-ல் என் காலேஜ். 2011-ல் பக்கத்துக் கொல்லை. 2016-ல் வீட்டுக்குத் தளம். இதில் எந்த ஒன்றுக்கும் அவர் பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தது கிடையாது.

நான் செய்த முதல் காரியம் அதைப் பேலன்ஸ் ஷீட் ஆக்கியது. தொழில் புத்தி. வர வேண்டியது ஒரு பக்கம், கொடுக்க வேண்டியது ஒரு பக்கம். 312 பேருக்குச் சேர்த்து 4,86,500 ரூபாய் நாங்கள் தர வேண்டும். வர வேண்டியது அதைவிடக் குறைவு, அதிலும் பாதி வாராக் கடன் ரகம். 2005-ல் ஒரு வீட்டுக்கு 501 ரூபாய் செய்திருக்கிறார், இன்றுவரை திரும்பவில்லை. அன்றைக்குச் சவரன் 5,000 சுற்றி இருந்தது. 501-க்கு முக்கால் கிராமுக்குக் குறையாமல் தங்கம் கிடைத்திருக்கும். 2023 ஆடியில் சவரன் 44,000 பக்கம். அதே 501-ஐ இப்போது கொண்டுவந்து நீட்டினால் மூக்குத்தித் திருகாணிக்குக்கூடக் காணாது. அந்தப் பணத்தை வேறு எதில் போட்டிருந்தாலும் என்று கணக்குப் போட்டுப் போட்டு, அப்பா மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. வாழ்நாள் முழுக்க வட்டியில்லாமல் ஊருக்குக் கடன் கொடுத்த மனிதர், பாஸ்புக்கில் 8,340.

வருமான வரிச் சட்டத்தில் இதை எங்கே வைப்பது என்றும் யோசித்தேன். கல்யாணத்துக்கு வருகிற அன்பளிப்புக்கு வரி இல்லை. மற்றபடி சொந்தமல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் மொத்தமாக 50,000-க்கு மேல் வந்தால் அது வருமானம். மொய் விருந்து கல்யாணமும் இல்லை, அன்பளிப்பும் இல்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுத்ததும் முடிய வேண்டும். இது முடியாது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசிப் பந்தல்

அந்தப் பந்தலில் விருந்து வைத்தவர்களில் ஒருவர் அப்பாவோடு பள்ளிக்கூடம் படித்தவர். மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் என்று பார்த்தால் தூரத்து வழிதான். 2016-ல் அவர் புது நடையாக 10,000 செய்திருந்தார். வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்று கும்பிட்டு வரவேற்றார். "உங்கப்பன் இருந்திருந்தா காலையிலயே வந்து அடுப்படியில நிப்பான்" என்றார். அவர் மேஜைக்குப் போனேன். இருபது புது ஐந்நூறு நோட்டு, ஏடிஎம் மணம் மாறாதது.

"பழைய நடை பத்தாயிரம்" என்றேன்.

எழுதினார். பேனா அடுத்த கட்டத்தில் நின்றது. "புது நடை?"

"இல்லண்ணே."

அதற்கு முன் எத்தனையோ மேஜையில் இதே பதிலைச் சொல்லியிருந்தேன். எழுதுகிறவர்கள் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். நான் என் தாளில் ஒரு பச்சைக் கோடு, அவர்கள் நோட்டில் ஒரு நீலக் கோடு. இரண்டும் ஒரே அர்த்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்து குழம்பு ஊற்றும்போது மாமா வந்தார். பரிமாறுகிற பையனிடமிருந்து வாளியை வாங்கி, கரண்டியால் துழாவி, நல்ல எலும்பாகப் பார்த்து என் இலையில் வைத்தார். குனிந்தவர் நிமிராமலே சொன்னார்: "கணக்க முடிச்சிட்டியாமே தம்பி. உங்கப்பனுக்கும் எனக்கும் நாப்பது வருச நடை." வாளியைப் பையனிடம் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது தேடினேன், வேறு யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எனக்குத்தான் கோபம் வந்தது. என்னய்யா தப்புச் செய்தேன்? அப்பா போன பிறகு பிள்ளைகள் நோட்டையே பார்த்ததில்லை என்று கையை விரிக்கிற வீடுகள் உண்டு. நான் ஒரு பைசா குறையாமல், கேட்காமலே, சென்னையிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். இதற்கா இந்த முகம்?

மறுநாள் சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான். "ஆயிரம் சேத்துப் போட்டிருந்தா உன் சொத்தா அழிஞ்சு போகும்? ஒரே ஒரு ஆயிரம்டா."

காலைக்கடன், நேர்த்திக்கடன்

ஆயிரம் ரூபாயில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். சென்னையில் நாங்கள் வளர்த்துக்கொண்ட ஒரு கனவு உண்டு: யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற எஸ்ஐபி, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், ஆறு மாதச் செலவுக்கு எமர்ஜென்சி பணம், சொந்தமாக ஒரு ஃபிளாட். இவ்வளவும் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாமலே வாழ்ந்துவிடலாம். தெரியாமலேதான் வாழ்கிறோம். அந்தத் தைரியத்தைத்தான் நாங்கள் வசதி என்கிறோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று பயந்து வாழ்ந்தவன் நான்.

அப்பாவின் கணக்கு அப்படியே எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. அவரிடம் இருந்தது பணம் இல்லை, 312 பேருக்கு அவர் தர வேண்டியதும் இன்னும் கொஞ்சம் பேர் அவருக்குத் தர வேண்டியதும்தான். இரண்டு பக்கமும் சைபர் ஆகிவிட்டால் எங்கள் ஆபீஸில் கைகுலுக்கி ஃபைலை மூடுவோம். அங்கே இரண்டு பக்கமும் சைபர் ஆனவன் ஊரைவிட்டுப் போகிறவன், அல்லது சண்டை போட்டுக்கொண்டவன். கோடு இழுப்பது அதற்கான குறி. மொய்க் கவரில் நூறோடு ஒரு ரூபாய் ஒட்டி வைக்கிறோமே, அதைச் சின்ன வயதில் ராசி என்று சொல்லித் தந்தார்கள். கணக்கு ரவுண்டாக முடியாமல் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கட்டும் என்பதாகவும் அது இருக்கலாம்.

கடன் என்ற சொல்லையே நாம் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறோம் பாருங்கள். காலைக்கடன், நன்றிக்கடன், நேர்த்திக்கடன், செஞ்சோற்றுக்கடன். இவற்றில் ஒன்றுக்கும் இஎம்ஐ முடிகிற தேதி கிடையாது. நான் மொய்க்கடனை இந்த வரிசையில் வைக்காமல் பேங்க் கடன் வரிசையில் வைத்துவிட்டேன். மாமாவுக்கு நான் செய்தது பணப் பட்டுவாடா இல்லை. நாப்பது வருசத்தை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இதில் ஊர் பாசம் பொங்கி அழ ஒன்றும் இல்லை. இந்த நோட்டு மனிதனை நெரிக்கவும் செய்யும். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வந்தது. எங்கள் தோப்பில் 160 மரத்தில் 11 நின்றது. அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் தந்தது, அதிலும் 500 விழுந்த மரத்தை வெட்டி அகற்றுகிற கூலி. நட்ட தென்னை காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று கடைமடைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆடி சொன்ன தேதியில் வந்துவிட்டது. அந்த வருடம் முறை வந்தவர்கள் விருந்தைத் தள்ளிப்போட முடியாது, அந்தப் பணத்தை நம்பித்தான் கன்று நடவே போகிறார்கள். கொடுக்க வேண்டியவர்களிடமோ தேங்காய் இல்லை. அப்பா அம்மாவின் மூன்று சவரன் செயினைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து மொய் செய்தார். பிறகு கொரோனா, 2020-ல் பந்தலே போடவில்லை. 2021-ல் ஐந்து சவரன் வரைக்கும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள், அதில் அம்மா செயின் திரும்பி வந்தது. அதற்குள் அப்பா போய்விட்டார். நகைக்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யலாம். மொய்யைத் தள்ளுபடி செய்ய எந்த முதலமைச்சராலும் முடியாது. வட்டிக்கு வாங்கி மொய் செய்தவர்களை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். வட்டியில்லாக் கடன் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சும்போது அவர்கள் முகம்தான் நினைவுக்கு வரும்.

அத்தையின் மேஜை

2006 நோட்டுக்குள் சொருகியபடி ஒரு சின்ன நோட்டு இருந்தது. பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு. உள்ளே அப்பா எழுத்து, மேலே அத்தை பேர். 2011-லும் ஒன்று, 2016-லும் ஒன்று. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். முப்பது வயதுக்குள் தாலி அறுத்தவர், பிள்ளை கிடையாது. ஊரில் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் அவர் மொய் செய்வார். நாற்று நட்ட கூலியில் இருபது, ஐம்பது, பிறகு நூறு. திரும்பி வர வழியில்லை. அவர் வீட்டில் காதுகுத்த யார் இருக்கிறார்கள், சடங்கு சுற்ற யார் இருக்கிறார்கள்? இருபது வருடம் அவருடைய பணம் ஊருக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, ஒரு வழிப் பாதையாக.

2006-ல் அப்பா பத்திரிகையில் தன் பேருக்குக் கீழே அத்தை பேரையும் போட்டார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கைம்பெண் பேரைப் போட்டு விருந்துக்கு அழைப்பதா என்று இரண்டு மூன்று பேர் முகம் சுளித்திருக்கிறார்கள். "அவ மொய்ய வாங்கித் திங்கும்போது இனிச்சுச்சுல்ல" என்று அப்பா கேட்டாராம். பந்தலின் ஓரத்தில் இன்னொரு மேஜை போட்டார்கள். அத்தை அந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, அடுக்களைப் பக்கமே நின்றுகொண்டார். சாயங்காலம் 62,000 வந்திருந்தது. அதில்தான் அவருடைய கூரை வீடு ஓட்டு வீடானது.

நான் என் எக்செல்லில் இந்தச் சின்ன நோட்டுகளைச் சேர்க்கவே இல்லை. வாரிசு யார், பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாத கணக்கு. தனியாக ஒதுக்கி வைத்தேன். அத்தை 2017-ல் இறந்தார். அவருக்கு 2016-ல் செய்தவர்களுக்கெல்லாம் அப்பா தன் மொய்யோடு சேர்த்து அத்தை பேரிலும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நோட்டின் ஓரத்தில் இருந்த டிக் குறிகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. செத்துப்போன அக்காவின் பேரில் மேஜையில் போய் நின்று, "பழைய நடை, அக்கா பேருல எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறார். கஜாவுக்குப் பிறகும். செயினை அடகு வைத்த வருடமும்.

உள்ளூர்

போன வருடம் அந்த மாமா வீட்டில் கிரகப்பிரவேசம். போனேன். மேஜையில் கேட்டார்கள். "பழைய நடை இல்ல. புது நடை ரெண்டாயிரத்து ஒண்ணு" என்றேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைப் பையை அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பரிகாரம் ஆனதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இனி எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டுமே என்று பேராவூரணி கடைத்தெருவில் நீள நோட்டு ஒன்று வாங்கினேன். ரெக்சின் அட்டை இப்போதும் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்து பிள்ளையார் சுழி போட்டு, "உள்ளூர்" என்று எழுதினேன். அப்பாவின் நோட்டைப் பார்த்து வீடு வீடாகப் பேரை இறக்கிக்கொண்டு வரும்போதுதான் கவனித்தேன். ஐந்து நோட்டிலும் உள்ளூர் என்றால் எங்கள் தெருவும் வடக்குத் தெருவும் கடைத்தெருவும்தான். எங்கள் தோப்பில் முப்பது வருடம் மரம் ஏறியவர் பேர் எதிலும் இல்லை. ஒவ்வொரு விருந்துக்கும் அவர்தான் கீற்று முடைந்து பந்தல் போட்டார். கடைசிப் பந்திக்குப் பிறகு சாப்பிட்டார். அவர்கள் தெருவில் அவர்களுக்குள் மொய் உண்டு. அந்த நோட்டும் இந்த நோட்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. வயதில் அப்பாவுக்கு மூத்தவரை நான் சின்ன வயதில் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், யாரும் திருத்தியதில்லை.

அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் வந்தார். கஜாவுக்குப் பிறகு ஏற மரம் இல்லாமல் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆள், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உள்ளே விடவில்லை. வராந்தாவில் என் கையைப் பிடித்து நான்காக மடித்த நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து அழுத்தினார். "செலவு இருக்கும் தம்பி, வச்சுக்குங்க." அன்றைக்கே மருந்துக் கடையில் அது கரைந்துவிட்டது. நான்கு தாள் எக்செல்லில் அந்த 2,000 எங்கும் வரவில்லை.

உள்ளூர்ப் பக்கத்தின் கடைசி வரியில் 2022 தை, 2,000 என்று எழுதினேன். பேர் எழுத வேண்டிய இடத்தில் முதலில் இனிஷியல். பேனா நின்றுவிட்டது. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அவரு அப்பா பேரு என்ன சித்தப்பா?"

"அவங்கப்பனும் நம்ம தோப்புலதான்டா ஏறுனான். கட்டையா, கறுப்பா... பேரு..." நீளமாக ஒரு மௌனம். "உங்கம்மாவக் கேளு, தெரிஞ்சிருக்கும்."

அம்மாவுக்கும் தெரியவில்லை.